அப்டேட் போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு: நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேரை என்னதான் செய்வது?

ஆபீஸில் நெட் போனால், நீங்கள் போன் போட்டுச் சொல்வதற்கு முன்பே ஐடி டீமுக்குத் தெரிந்திருக்கும். எந்த மாடியில் எந்த சுவிட்ச் படுத்துவிட்டது, எந்த ரவுட்டரில் டிராஃபிக் எகிறுகிறது என்று ஒரு பெரிய திரையில் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டே இருக்கும். அதன் பின்னால் இருப்பது மானிட்டரிங் சாஃப்ட்வேர். சோலார்விண்ட்ஸ் ஓரியன், பிஆர்டிஜி, ஜாபிக்ஸ், சென்ட்ரியான், வாட்ஸ்அப் கோல்டு என்று பல பெயர்கள் உண்டு. (கடைசியில் சொன்னதற்கும் உங்கள் போனில் இருக்கும் பச்சை ஆப்புக்கும் சம்பந்தமே இல்லை.)

இதை அப்டேட் செய்வதா வேண்டாமா என்பதில் ஐடி வட்டாரத்தில் இரண்டு கட்சி. ‘வெளிவந்த அன்றைக்கே போட்டுடணும்’ என்பது ஒரு கட்சி. ‘நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்’ என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு பெரிய சம்பவம் கையில் இருக்கிறது. இரண்டையும் படித்தபிறகு, இந்தச் சண்டையே தப்பான இடத்தில் நடக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓரியன்: அப்டேட் போட்டவர்கள் மாட்டினார்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு ஓரியன். அந்த நிறுவனம் சாஃப்ட்வேரைக் கட்டமைக்கும் கணினிக்குள்ளேயே ஊடுருவல்காரர்கள் புகுந்துவிட்டார்கள். 2020 மார்ச் முதல் ஜூன் வரை வெளியான அப்டேட்களில் ஒரு பின்கதவையும் சேர்த்துவிட்டார்கள். அது அந்தப் பொருளின் வழக்கமான ஒரு கோப்புக்குள் உட்கார்ந்திருந்தது. நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்தும் முறைப்படி இருந்தது. ‘அதிகாரபூர்வ தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள்’ என்று நமக்கெல்லாம் சொல்வார்களே, அதை அப்படியே கடைப்பிடித்தவர்கள்தான் மாட்டினார்கள்.

18,000 வாடிக்கையாளர்கள் வரை அந்த அப்டேட்டை எடுத்ததாகக் கணக்கு. அவர்களில் தேர்ந்தெடுத்த சிலரிடம்தான் திருடர்கள் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். அமெரிக்க அரசு சொன்ன எண்ணிக்கை: 9 மத்திய அரசு அமைப்புகள், சுமார் 100 தனியார் நிறுவனங்கள். ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம், தன் வீட்டில் நடந்த திருட்டைத் துருவப் போய்த்தான் 2020 டிசம்பரில் இது வெளிச்சத்துக்கு வந்தது. ரஷ்யாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான எஸ்விஆர்தான் இதைச் செய்தது என்று 2021 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்தது.

சென்ட்ரியான்: அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள்

இந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், 2021 பிப்ரவரியில் பிரான்ஸின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ஆன்சி ஒரு அறிக்கை விட்டது. 2017 இறுதி முதல் 2020 வரை, சென்ட்ரியான் என்ற மானிட்டரிங் சாஃப்ட்வேர் ஓடிய சர்வர்கள் வழியாகப் பல பிரெஞ்சு நிறுவனங்களுக்குள் ஊடுருவியிருக்கிறார்கள் என்றது. ‘இன்னொரு சோலார்விண்ட்ஸ்’ என்று எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள்.

விஷயம் நேர் எதிர். அறிக்கையில் இருந்தவற்றில் ஆகப் புதியதே 2014 நவம்பரில் வந்த 2.5.2 பதிப்பு. நிறுவனம் கைவிட்டுப் பல வருடமான இலவசப் பதிப்புகள் அவை. யாரோ ஒருநாள் போட்டு வைத்தார்கள், ஓடியது, அப்படியே விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு இன்டர்நெட்டில் இருந்து நேரடியாக எட்டும் இடத்தில்.

சரி, கொஞ்ச நாள் பொறுத்துப் போடலாமா?

ஓரியனுக்குப் பிறகு நிறைய பேர் எடுத்த முடிவு இது. ‘ஒரு மாசம் ஆகட்டும், மத்தவங்க போட்டுப் பாக்கட்டும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் உதைக்கும்.

ஓரியனில் புகுந்த பின்கதவு, இன்ஸ்டால் ஆனதும் இரண்டு வாரம் வரை சத்தமே இல்லாமல் தூங்கியது. லேபில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது. மார்ச்சில் வந்த கோளாறை உலகம் கண்டுபிடித்தது டிசம்பரில். அப்படியானால் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒன்பது மாதத்துக்கு வழியே இல்லை என்பதை வாட்ஸ்அப் கோல்டு காட்டியது. லாகின் செய்யாமலே பாஸ்வேர்டை உருவ வழிவிடும் ஒரு ஓட்டைக்கு 2024 ஆகஸ்ட் 16-ல் திருத்தம் வந்தது. ஆகஸ்ட் 30-ல் ஒரு ஆய்வாளர் செயல்முறை விளக்கம் வெளியிட்டார். அன்றைக்கே, சில மணி நேரத்தில், தாக்குதல் ஆரம்பித்துவிட்டதாக ட்ரெண்ட் மைக்ரோ பதிவு செய்தது. கண்காணிப்புக்காக அந்த சாஃப்ட்வேரிலேயே ஸ்கிரிப்ட் ஓட்டும் வசதி இருக்கிறது. உள்ளே வந்தவர்கள் அதை வைத்தே வேலையை ஆரம்பித்தார்கள். பொறுத்துப் போடலாம் என்றவர்களுக்குக் கிடைத்த அவகாசம் 14 நாள்.

அதனால் பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே போடுங்கள். புது டாஷ்போர்டு, புது கலர் என்றால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். தேதி பற்றி இதற்கு மேல் சண்டை போட எதுவுமில்லை. பேசவேண்டியது வேறு.

எல்லா வீட்டுச் சாவியும் ஒரே ஆளிடம்

அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் எல்லா வீட்டுச் சாவியையும் கொடுத்து வைத்தால் எப்படி? மானிட்டரிங் சர்வர் அப்படித்தான். ஒவ்வொரு சுவிட்சையும் ரவுட்டரையும் நலம் விசாரிக்க அதற்கு அனுமதி வேண்டும். சில இடங்களில் விண்டோஸ் சர்வர்களின் அட்மின் பாஸ்வேர்டும், ரவுட்டர் செட்டிங்கை மாற்றும் உரிமையும்கூட அதனிடமே இருக்கும். திருடன் ஏன் நூறு வீட்டுப் பூட்டை உடைக்கப் போகிறான்?

இத்தனைக்கும் நலம் விசாரிக்க, படிக்க மட்டும் உரிமை இருந்தால் போதும். அந்த விசாரணை நடக்கும் மொழிக்கு எஸ்என்எம்பி என்று பெயர், 1988-ல் பிறந்தது. அதன் பழைய இரண்டாம் பதிப்பில் கடவுச்சொல் மூடாமல் திறந்தபடியே ஒயரில் போகும். மறைகுறியாக்கம் உள்ள மூன்றாம் பதிப்பு 2002-லேயே முழுத் தரநிலை ஆகிவிட்டது. ஆனாலும் ‘பப்ளிக்’ என்ற பழைய கடவுச்சொல்லை மாற்றாத சுவிட்சுகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்டேட் தேதிக்குப் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்த சர்வருக்கு இன்டர்நெட் எதற்கு?

ஓரியன் விவகாரத்தில் அதிகம் பேசப்படாத ஒரு தகவல் உண்டு. அந்த சர்வரில் இருந்து வெளியே போகும் தொடர்புகளை ஃபயர்வாலில் அடைத்திருந்தால் பின்கதவு செயலிழந்திருக்கும் என்று அமெரிக்காவின் சிசா அமைப்பே 2021-ல் ஒப்புக்கொண்டது. அப்படி அடைத்து வைத்திருந்த இடங்களில் திருடர்களால் மேலே போக முடியவில்லை. விஷ அப்டேட்டைப் போட்டும் தப்பித்தார்கள்! மறுபக்கம், சென்ட்ரியான், வாட்ஸ்அப் கோல்டு இரண்டிலும் உள்ளே வரும் வழி வெளியே தெரியாமல் இருந்திருந்தால் திருத்தம் போடாத சர்வருக்குக்கூடக் கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும்.

இதில் தொல்லையும் இருக்கிறது. இன்டர்நெட்டை அடைத்தால் அப்டேட் தானாக வராது. வேறு கணினியில் இறக்கி, சரிபார்த்து, கொண்டுவந்து போட வேண்டும். லைசென்ஸ் சரிபார்ப்பு மக்கர் பண்ணும். எஸ்எம்எஸ் அலர்ட் போக ஒரு முகவரியை மட்டும் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். நைட் ஷிஃப்டில் இருக்கும் பையனுக்கு இது கூடுதல் வேலை. அதற்கான நேரத்தை மேனேஜர் ஒதுக்க வேண்டும். ‘மானிட்டரிங் சர்வரா, அது அந்த டீமோடது’ என்று நெட்வொர்க் டீமும் சர்வர் டீமும் மாற்றி மாற்றிக் கை காட்டும் ஆபீஸ்களில் இது நடக்காது. யார் பெயரில் அந்த சர்வர் இருக்கிறது என்று எழுதி வைப்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

அப்டேட் போடும் ராத்திரி

டேட்டாபேஸை பேக்கப் எடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள். போனால் வருடக்கணக்கான கிராஃப் போச்சு. பழைய லாகுகளையும் தனியே எடுத்து வையுங்கள். 180 நாள் லாக் கையில் இருக்க வேண்டும், சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் நம்மூர் செர்ட்-இன் போட்ட உத்தரவு.

அப்டேட் ஓடும் அரை மணி நேரம் உங்கள் நெட்வொர்க்குக்குக் கண் இருக்காது. முக்கியமான ரவுட்டர்களுக்கு மட்டுமாவது வேறு கணினியில் இருந்து பிங் ஓடட்டும். முடிந்ததும் திரை முழுக்கப் பச்சை என்று பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். டெஸ்ட் சுவிட்ச் ஒன்றின் கேபிளைப் பிடுங்கி, அது சிவப்பாக மாறுகிறதா, போனுக்கு மெசேஜ் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.