மருந்து கட்டிய தென்னை

எங்கள் பக்கத்தில் யாரும் "விஷம் அடிச்சேன்" என்று சொல்வதில்லை. "மருந்து அடிச்சேன்" என்றுதான் சொல்வார்கள். கத்தரிக்கும் மருந்து, பருத்திக்கும் மருந்து, தென்னைக்கும் மருந்து. ஆனால் என் வயதுக்காரர்களுக்குப் பாலிடால் என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை. கப்பலில் அந்த மருந்தோடு சேர்ந்து வந்த மாவைத் தின்று 1958ல் கேரளத்துப் பக்கம் நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். பூச்சிக்கொல்லிகளுக்கென்று 1968ல் சட்டம் வந்ததே அதற்குப் பிறகுதான்.

கான்சாபுரத்திலிருந்து வத்திராயிருப்பு வரை மலையடிவாரம் முழுக்கத் தென்னை. 1998ல் கேரளத்தில் முதலில் தென்பட்ட ஈரியோபைட் சிலந்தி மலையைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது ஞாபகம் இருக்கும். காயெல்லாம் சொறி பிடித்துச் சிறுத்துப் போயிற்று. அப்போது பரவியதுதான் வேரில் மருந்து கட்டுவது. ஒரு இளம் வேரைத் தோண்டியெடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மோனோகுரோட்டோபாஸும் தண்ணீரும் கலந்த பாலித்தீன் பைக்குள் நுழைத்துக் கட்டிவிட வேண்டும். மரம் அதை உறிஞ்சிக் குடித்துவிடும். பூச்சி கொண்டைக்குள் இருந்தாலும் சாகும். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

ஆனால் வேளாண் பல்கலைக்கழகம் அதோடு இன்னொன்றும் சொன்னது. முற்றிய காயைப் பறித்துவிட்டுத்தான் மருந்து கட்ட வேண்டும்; அதற்குப் பிறகு 45 நாள் அந்த மரத்தில் கை வைக்கக் கூடாது. தேங்காய் வெட்டுகிறவருக்கு இது கஷ்டமே இல்லை. அவருடைய அடுத்த வெட்டு எப்படியும் அவ்வளவு நாள் கழித்துத்தான். இளநீர் அப்படியில்லை. வியாபாரி தனக்குச் சௌகரியப்பட்ட நாளில் வண்டியோடு வந்து நிற்பார். எந்த மரத்துக்கு என்றைக்கு மருந்து கட்டினார்கள் என்பது அவருக்கும் தெரியாது, மரம் ஏறுகிறவருக்கும் தெரியாது.

அந்த இளநீரை யாருக்கு வாங்குகிறோம்? ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு, பிள்ளைத்தாச்சிக்கு, வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைக்கு.

இந்த வகை மருந்துகள் நரம்பு வேலை செய்யத் தேவையான ஒரு நொதியை முடக்குபவை. அதிகமாக உள்ளே போனால் எச்சில் வழியும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும். டாக்டர் அட்ரோபின் ஊசி போடுவார். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் இப்படி எதுவும் வெளியே தெரியாது. எனக்கு அதுதான் பயம்.

மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை போட்டார்கள். தென்னைக்கும் பருத்திக்கும் அதே பாட்டில் அதே அலமாரியில் இருந்தது. வாங்கிப் போகிறவர் எந்தச் செடிக்கு அடிக்கிறார் என்று யார் கூடவே போய்ப் பார்ப்பது? 2013ல் பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தார்கள். சமையல் எண்ணெயில் இதே மருந்து கலந்திருந்தது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் கழித்து, 2023ல்தான் இதன் 36 சதவீதத் திரவத்துக்கு மத்திய அரசு தடை ஆணை போட்டது. அதிலும் கையிருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்திருந்தார்கள்!

விவசாயியை மட்டும் திட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு மருந்து அடிப்பவர்தான் முதலில் பாதிக்கப்படுகிறார். 2017ல் மராட்டியத்து யவத்மாலில் பருத்திக்கு அடித்தே 20 பேருக்கு மேல் போனார்கள். சந்தையில் ஓட்டை விழுந்த கத்தரிக்காயை ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் நாம். எத்தனை நாள் பொறுத்துப் பறிக்க வேண்டும் என்பது பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டாலும் எனக்கே படிக்க முடியவில்லை.

பாட்டிலின் பெயர் மாறிவிட்டது என்பதால் பழக்கம் மாறிவிடாது. நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. மருந்துக்கடைக்காரர் பில்லிலேயே "இத்தனை நாள் பறிக்காதே" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தரவேண்டும். பில் இல்லாமல் விற்கக் கூடாது. மருந்து கட்டிய தென்னைக்குச் சுண்ணாம்பில் ஒரு பட்டை அடித்து, பக்கத்தில் தேதியைப் போட்டுவிட வேண்டும். மரம் ஏறுகிறவர் பார்த்துக்கொள்வார்.