அம்புக்கும் சுருதி சேர்க்கணும்!

வல்வில் ஓரியை ஞாபகம் இருக்கிறதா? கொல்லிமலை ராஜா, கடையெழு வள்ளல்களில் ஒருவர். புறநானூறு 152-ஆம் பாட்டில் வன்பரணர் இவரைப் பற்றி ஒரு சமாச்சாரம் சொல்கிறார். ஓரி விட்ட ஒரே அம்பு ஒரு யானையைச் சாய்த்து, ஒரு புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைத் தள்ளி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் மேல் போய்ச் செருகி நின்றதாம்! பி.காம். படித்த தோஷம், வவுச்சர் கேட்கக் கை துறுதுறுக்கிறது. கேட்கவில்லை. புலவருக்குப் பரிசு பட்டுவாடா ஆகி இரண்டாயிரம் வருஷம் ஆகிறது. ஆடிட் முடிந்த கணக்கு.

என் ஆட்சேபணை வேறு. 'வல்வில்' என்ற பட்டம் வில்லுக்குப் போய்விட்டது. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாசம் அரசாங்கமே விழா எடுக்கிறது. அந்த அம்பைச் செதுக்கின ஆசாமி? பேர் கிடையாது, ஊர் கிடையாது. இத்தனைக்கும் வில் எவ்வளவுக்கெவ்வளவு பலமோ, அவ்வளவுக்கவ்வளவு அம்பு செய்கிறவனுக்குத்தான் தலைவலி.

வில்லின் பலத்தைப் பவுண்டில் சொல்வார்கள். நாணை முழுசாக இழுத்துப் பிடிக்க எத்தனை எடையைத் தூக்குகிற தெம்பு வேண்டுமோ, அது. அயல்நாடுகளில் வேட்டைக்கு வைத்திருக்கும் பழைய பாணி மரவில் 50, 60 பவுண்டு இருக்கும். அதாவது 23 முதல் 27 கிலோ. இது சாதா கேஸ். 1545-இல் முழுகி, 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலில் 137 முழு வில்கள் கிடைத்தன. அவற்றின் பலம் 100 முதல் 185 பவுண்டு வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மேல்கணக்கு 84 கிலோ! ஒன்றரை சிமெண்ட் மூட்டையை மூன்று விரலால் இழுத்து, குறியும் பார்க்க வேண்டும். அந்த வில்லுக்கான அம்பும் பென்சில் மாதிரி இல்லை, அரை அங்குலத் தடிமன்.

ஏன் அத்தனை தடிமன்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

நாண், வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. ஆனால் நடுவில் வில்லின் கட்டை நந்தி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அம்பு அதன் பக்கவாட்டில்தான் சாய்ந்திருக்க முடியும். வலக்கைக்காரர் என்றால் அம்பின் மூக்கு கொஞ்சம் இடதுபக்கம் பார்க்கும். நியாயப்படி அம்பு இடதுபக்கம்தான் போகணும். போவதில்லை. சமர்த்தாக நேரே போகிறது!

காரணம், அம்பு வளைகிறது. பின்னாலிருந்து நாண் பிடித்துத் தள்ள, முன்னால் கனமான முனை 'நகர மாட்டேன்' என்று அடம் பிடிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வில்லாய் வளைந்து, கட்டையைச் சுற்றி நழுவி, இப்படியும் அப்படியும் மீன் மாதிரி நெளிந்து, கொஞ்ச தூரம் போன பிறகு நிதானத்துக்கு வருகிறது. (மேனேஜருக்கும் கிளார்க்குகளுக்கும் நடுவில் இருக்கும் சூப்பர்வைசர்களுக்கு இது நன்றாகப் புரியும்.) கண்ணுக்குத் தெரியாத வேகம். 1930-களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற விஞ்ஞானி, ராக்கெட் ஆராய்ச்சியும் செய்தவர், அதிவேகக் காமிராவில் படம் பிடித்துக் காட்டினார்.

ஆக, அம்பு வளையணும். அளவாக வளையணும். தண்டு ரொம்ப விறைப்பாக இருந்தால் வளையாமல் கட்டையில் இடித்து இடதுபக்கம் ஓடும். ரொம்ப நொய்வாக இருந்தால் அதிகமாக வளைந்து வலதுபக்கம் ஓடும். 30 பவுண்டு வில்லில் தங்கமாகப் போன அம்பு 60 பவுண்டு வில்லில் குடிகாரன் மாதிரி போகும். அம்பு மேல் தப்பில்லை, வில் மேலும் தப்பில்லை, ஜாதகம் பொருந்தவில்லை.

நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் இதை ஆச்சரியத்தோடு விவரித்தேன். அரம் போடுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"இதுல என்ன தம்பி அதிசயம்? சாவிக்குப் பூட்டு செய்றமா, பூட்டுக்குச் சாவி செய்றமா?"

"பூட்டுக்குத்தாண்ணே சாவி."

"அப்பறம் என்ன? வில்லுக்குத்தான் அம்பு. ஒருத்தன் வில்லுக்குச் செஞ்சதை இன்னொருத்தன் வாங்கிட்டுப் போனா, சாவி உள்ள போகும், தொறக்காது."

இதைச் சொல்ல வெள்ளைக்காரனுக்கு ஸ்லோமோஷன் தேவைப்பட்டது! திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம். ராவுகிற விரலுக்கு இன்னும் ஒரு குறியீடும் இல்லை.

விறைப்பை அளக்க மெஷின் வேண்டாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அதன்மேல் தண்டைப் படுக்க வையுங்கள். நட்டநடுவில் 2 பவுண்டு, அதாவது 907 கிராம், தொங்க விடுங்கள். எத்தனை அங்குலம் தொய்கிறது என்று பார்த்து, 26-ஐ அதால் வகுத்தால் அந்த அம்பு எத்தனை பவுண்டு வில்லுக்குத் தோது என்று வந்துவிடும். 0.52 அங்குலம் தொய்ந்தால் 50 பவுண்டு. 70 பவுண்டு வில்லுக்கு 0.37-க்கு மேல் தொய்யக் கூடாது. மில்லிமீட்டரில் சொன்னால் 13-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசம். இந்த 4 மில்லிமீட்டரில்தான் மான் தப்பிக்கிறது.

இது உத்தேசக் கணக்கு. கடைசித் தீர்ப்பு இறகு இல்லாத அம்பு கையில். இறகு வைத்த அம்பு இரண்டு மூன்று, இறகே வைக்காத மொட்டை அம்பு ஒன்று, பதினைந்து இருபது கஜ தூரத்திலிருந்து வைக்கோல் கட்டில் விடணும். இறகு என்பது பெரிய மனுஷன் மாதிரி, சின்னச் சின்னத் தப்பை எல்லாம் மூடி மறைத்துவிடும். மொட்டை அம்பு மறைக்காது. வலக்கைக்காரருக்கு அது மற்றவற்றுக்கு இடதுபக்கம் குத்தினால் விறைப்பு ஜாஸ்தி. முனையைக் கனமாக்கணும். வலதுபக்கம் குத்தினால் நொய்வு. தண்டைக் கொஞ்சம் நறுக்கணும், இல்லாவிட்டால் முனையின் கனத்தைக் குறைக்கணும். நறுக்கும்போது கால் அங்குலம் கால் அங்குலமாக நறுக்குங்கள், நறுக்கினதை ஒட்ட முடியாது. தம்பூராவில் பிருடையைத் திருகுகிற மாதிரி, சேர்ந்தாற்போல் வருகிறவரை. அப்புறம் இறகு. ஓர் அம்புக்கு மூன்று இறகும் பறவையின் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வரணும். வலதும் இடதும் கலந்தால் அம்புக்கு எந்தப் பக்கம் சுழல்வது என்று குழப்பம் வந்துவிடும்.

எடையைப் பற்றி மட்டும் விளையாட்டாகச் சொல்ல மாட்டேன். பலமான மரவில்லுக்கு ஒரு பவுண்டுக்கு 10 கிரெய்ன் வீதம் அம்பு எடை இருப்பது நல்லது. 50 பவுண்டு வில்லுக்கு 500 கிரெய்ன், அதாவது 32 கிராம், நாலு பவுன்! மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும்போது குறைக்கலாம், இங்கே குறைக்கக் கூடாது. அம்பு ரொம்ப லேசாக இருந்தால் வில்லில் தேங்கின சக்தியை அது வாங்கிக்கொண்டு போவதில்லை. மிச்சம் வில்லிலேயே அதிர்ந்து, வில் விண்டுபோகும். நொய்ந்த தண்டு நாண் அடியில் உடைந்தால் சிம்பு நேராக இடதுகையில் ஏறும். அம்பே வைக்காமல் நாணை இழுத்து விட்டு 'டங்' என்று சத்தம் கேட்பது இன்னும் மோசம். சினிமாவில் அர்ஜுனன் செய்வார், அவர் வில் தெர்மோகோல்.

ராஜஸ்தானில் உதய்பூர் பக்கத்துப் பழங்குடிப் பையன் லிம்பா ராம் மூங்கில் வில்லால் பறவை அடித்துக்கொண்டிருந்தவர். 1987-இல் ஸ்போர்ட்ஸ் அதாரிட்டி ஆட்கள் கண்டெடுத்தார்கள். அடுத்த வருஷமே சியோல் ஒலிம்பிக்ஸ்! 1992-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் உலக சாதனையைச் சமன் செய்து தங்கம், 2012-இல் பத்மஸ்ரீ. அந்தக் காட்டில் அவருக்கு யார் தொய்வு அட்டவணை கொடுத்தார்கள்? மூங்கிலைத் தணலில் வாட்டி, நிமிர்த்தி, விரலால் வளைத்து, 'இது தேறும், இது தேறாது' என்று ஒதுக்குகிற கை ஏதோ ஒன்று அந்த ஊரில் இருந்திருக்கும். மெடல் கொடுத்த மேடையில் அந்தக் கை ஏறவில்லை. ஓரி காலத்துப் பாக்கி இன்னும் தீரவில்லை.

கொல்லிமலை விழாவில் வில்வித்தைப் போட்டி நடத்துகிறார்கள். கூடவே 'நல்ல அம்பு செய்தவருக்கு' என்று ஒரு பரிசு சேர்த்தால் செலவு ஒன்றும் பெரிசாக ஆகிவிடாது. தென்னமரத்துக்குக் கீழே சும்மா நிற்கும் மூங்கிலை வெட்டி நம் பையன்கள் நாலு பேர் கற்றுக்கொள்வார்கள்.

கற்றுக்கொண்டதும் சிறுமலைப் பக்கம் போய்விட வேண்டாம், ஸார். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். இன்றைய தேதியில் ஓரி அந்த அம்பை விட்டிருந்தால் யானைக்கு ஒன்று, புலிக்கு ஒன்று, மானுக்கு, பன்றிக்கு, உடும்புக்கு என்று தனித்தனியே கேஸ், ஜாமீன்கூடக் கஷ்டம். வைக்கோல் கட்டு போதும்.