தண்ணீர் விடாத பிரஷ்

தரை தேய்க்கிற வேலையில் பாதி நேரம் தண்ணீருக்கே போய்விடுகிறது. ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் மக். கொஞ்சம் ஊற்று, குனிந்து தேய், நிமிர்ந்து வாளிக்குப் போ, மறுபடி ஊற்று. குளியலறை ஐந்துக்கு எட்டடிதான் இருக்கும். அதற்குள்ளேயே முதுகு எத்தனை தடவை வளைந்து நிமிர வேண்டும் என்பது தேய்த்தவர்களுக்குத்தான் தெரியும். மொட்டை மாடிப் பாசி என்றால் கேட்கவே வேண்டாம். வழுக்குகிற தரையில் நிறைவாளியையும் கூடவே நகர்த்திக்கொண்டு போக வேண்டும்.

இந்தச் சிரமத்துக்கென்றே ஒரு பொருள் கடைகளில் வந்திருக்கிறது. நீளக் கைப்பிடி, அதில் மாட்டிய ஒரு பாட்டில், கைப்பிடியின் மேல் பக்கம் ஒரு விசை. அழுத்தினால் பிரஷின் முன்னால் தண்ணீர் பீய்ச்சும். மக்கும் வேண்டாம், வாளியும் வேண்டாம், நின்றபடியே தேய்க்கலாம். இதைவிட நல்ல யோசனை நம் வீடுகளுக்கு வேறு என்ன வேண்டும்? அதனால்தான் என் ஆத்திரமும் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. உதவாத யோசனையை உதவாத விதத்தில் செய்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது உண்மையாகவே தேவைப்படுகிற பொருள். இதையா இப்படிச் செய்து வைப்பார்கள்?

வாங்கிய புதிதில் நன்றாகத்தான் பீய்ச்சுகிறது. சில வாரத்தில் மெலிகிறது. அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுவரில் அடிக்கிறது. அதற்கும் அப்புறம், எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்கா சொன்ன மாதிரி, "எச்சி துப்புற மாதிரி வருதும்மா." அவர் அதை மூலையில் சாய்த்துவிட்டுப் பழைய மக்கையே எடுத்துக்கொண்டார். எங்கள் தெருவில் இதை வாங்கிய வேறு வீடுகளிலும் இதே கதை. துணி காயப்போடுகிற கம்பிக்குப் பக்கத்தில் ஒட்டடைக் குச்சியோடு சேர்ந்து நிற்கிறது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. நாங்கள் இருப்பது சென்னையின் தெற்குப் புறநகர். வீட்டுக்கு வருவது போர் தண்ணீர். கரைந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைந்த உப்புத் தண்ணீர். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த 600 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் வற்றினால் அரை கிராமுக்குக் குறையாமல் வெள்ளைப் பொடி மிஞ்சும். குழாய் வாயிலும் ஷவரிலும் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அதே உப்புதான். ஷவரில் உள்ள ஓட்டைகள் அடைத்தால் கழற்றி எலுமிச்சை உப்பில் ஊறவைக்கலாம். இந்தப் பிரஷின் நாசில் ஓட்டையோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தேய்த்து முடித்துச் சாய்த்து வைக்கிறோம். ஓட்டையில் தங்கிய கடைசிச் சொட்டு காய்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு படலம். மெதுவாகக் கண் மூடிவிடுகிறது.

அடைத்தால் கழற்றிக் கழுவ வேண்டியதுதானே என்று கேட்கலாம். கழற்ற முடியாது என்பதுதான் விஷயம். நாசிலை உடம்போடு சேர்த்து ஒட்டியே அனுப்புகிறார்கள். திருகும் இல்லை, மரையும் இல்லை. ஊசி விட்டுக் குத்தினால் ஓட்டை ஒழுங்கில்லாமல் விரிந்து தண்ணீர் இரண்டாகப் பிரிந்து அடிக்கிறது. முழுப் பிரஷையும் எலுமிச்சை உப்புத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தினால் உப்பு கரையும். ஆனால் உள்ளே பம்ப்புக்கு வைத்திருக்கிற சின்ன இரும்புச் சுருள் துருப்பிடிக்கத் தொடங்கும். ஒட்டாமல் மரை போட்டு மூடுவதற்கு எத்தனை காசு கூடுதலாக ஆகிவிடும்?

நாசில் நன்றாக இருந்தாலும் தண்ணீர் வராத நாள் உண்டு. பாட்டிலில் இருந்து தண்ணீர் இறங்க வேண்டுமென்றால் அதே அளவு காற்று உள்ளே போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். அந்தக் காற்றுக்காக மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். அதுவும் உப்பாலோ சோப்பு நுரையாலோ அடைத்துக்கொள்கிறது. பாட்டில் உள்ளிழுத்துச் சப்பையாகிறது, விசை கெட்டியாகிறது, ஒரு சொட்டு இறங்காது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று போகும், தண்ணீரும் வரும், கூடவே கைப்பிடி வழியாகவும் ஒழுகும். ஈரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சோப்புத் தரையில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்று இதை வரைந்தவர் ஒரு நாளாவது யோசித்திருப்பாரா?

பாட்டிலின் அளவைப் பாருங்கள். முந்நூறு, நானூறு மில்லிதான் கொள்கிறது. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஐந்துக்கு எட்டடிக் குளியலறை மூன்றே முக்கால் சதுர மீட்டர் வரும். அந்தப் பாட்டில் முழுவதையும் கொட்டினாலும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஈரம்தான் தேறும். சோப்புக் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஊறி இளகுவதற்கு அது போதுமா?

தெளித்துத் துடைக்கிற இந்த வகைக் கருவி எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று பார்த்தால் கணக்கு புரிகிறது. மரப்பலகைத் தளமும் லேமினேட் தளமும் உள்ள மேல்நாட்டு வீடுகளுக்கு. அங்கே தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் பலகை ஊதிவிடும். லேசாகத் தெளித்துத் துடைத்தால் போதும். நம் தரை அப்படியா? சிமென்ட், மொசைக், சொரசொரப்பான குளியலறை டைல்ஸ், பழைய வீடுகளில் சிவப்புக் காவித் தரை. தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கென்றே கொத்தனார் வாட்டம் பார்த்துத் தளம் போட்டு, மூலையில் தண்ணீர் வடிய நானி டிராப்புக்கு வழி விட்டிருக்கிறார். தெளித்துத் துடைக்கிற கருவியின் அடியில் துணிக்குப் பதிலாக ஒரு பிரஷை மாட்டி, "தரை தேய்ப்பான்" என்று நமக்கு விற்றால் அது எப்படித் தேய்க்கும்?

இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஒன்று உண்டு. பாட்டிலில் வெறும் தண்ணீரை மட்டும் யாரும் ஊற்றுவதில்லை. பினாயில் ஊற்றுகிறார்கள், ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார்கள், கழிவறைக்கு வாங்கிய ஆசிட் கலந்த திரவத்தையும் ஊற்றுகிறார்கள். நேற்று ப்ளீச்சிங் கரைசல் இருந்த பாட்டிலில் அடியில் மிச்சம் கிடக்க, இன்று அதே பாட்டிலில் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்னக் குளியலறை, குனிந்த தலை, இருமல், கண் எரிச்சல், மூச்சுத் திணறல். இரண்டையும் ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றி ஊற்றாதே என்று தமிழில் ஒரு வரி பாட்டிலின் மேல் அச்சடித்திருக்க வேண்டாமா? நான் பார்த்தவற்றில் எதிலும் இல்லை. பளபளவென்று சிரிக்கிற பெண்ணின் படம் மட்டும் அட்டையில் பெரிதாக இருக்கிறது.

அட்டையில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்குக் கூப்பிட்டேன். பொட்டலப் பொருள் விதிகள் 2011ன்படி செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் பொட்டலத்தில் இருக்க வேண்டும். இருந்தது. எடுத்துப் பேசியவரும் மரியாதையாகத்தான் பேசினார்.

"நாசில் மட்டும் தனியா கிடைக்குமாங்க?"

"இல்லைங்க மேடம், ஸ்பேர் எதுவும் வராது. புது செட்டா எடுத்துக்கோங்க."

"பாட்டிலாவது?"

"அதுவும் செட்டோடதான் மேடம்."

பிரஷ் மயிர் தேயும். தேய்க்கிற பொருள் என்றால் தேயத்தான் செய்யும். அந்தப் பிரஷ்தலைகூடத் தனியாக இல்லை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியதில், கைப்பிடியும் பாட்டிலும் நன்றாக இருக்க, கடுகளவு ஓட்டைக்காக மொத்தத்தையும் குப்பையில் போடச் சொல்கிறார்கள். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம். வீடு கழுவுகிற சாமான் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

செய்யவே முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. வயலில் மருந்தடிக்கிற டேங்க்கைப் பாருங்கள். முதுகில் மாட்டிக்கொள்கிற பதினாறு லிட்டர் தெளிப்பான். அதுவும் கைப்பிடியை இயக்கினால் தன் தண்ணீரைத் தானே நாசில் வரைக்கும் கொண்டுபோகிற கருவிதான். ஊற்றுகிற வாயில் சல்லடை இருக்கிறது, மண்ணும் தூசும் உள்ளே போகாது. நாசில் கையாலேயே கழலும். வாயில் வைத்து ஊதாதே, பிரஷால் தேய்த்துக் கழுவு என்று வேளாண் அலுவலர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாஷர் போனால் உரக்கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ வாஷர் மட்டும் கிடைக்கும். கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், கரையாமல் நிற்கிற மருந்துப் பொடி எல்லாம் அதன் வழியாகப் போய் வந்துகொண்டிருக்கின்றன. அதைச் செய்யத் தெரிந்த நாட்டில், குளியலறைக்கு ஒரு பிரஷ் செய்யத் தெரியவில்லை என்றால் யார் நம்புவது? விவசாயி கேள்வி கேட்பார் என்று தெரியும். தரை தேய்க்கிறவர் கேட்க மாட்டார் என்றும் தெரியும். அதுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

பம்ப்பே வேண்டியதில்லை என்றுகூடச் சொல்வேன். பாட்டில் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த உயரமே சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிராம் அழுத்தம் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் இறங்குவதும் உயரத்தை வைத்துத்தான். அகலமான ஒரு குழாய், நடுவில் திறந்து மூட ஒரு சின்ன வால்வு, பிரஷின் நடுவில் நாலைந்து பெரிய ஓட்டைகள். பீய்ச்ச வேண்டாம், வழிந்தால் போதும். தேய்ப்பதற்கு வழிகிற தண்ணீர்தான் வசதி. தண்ணீரின் கனம் மேலே இருந்தால் மணிக்கட்டு வலிக்கும் என்றால், பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொள்ளும்படி செய்யலாம். வெளிநாடுகளில் உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கழுவ, தண்ணீர் ஓடுகிற நீண்ட கம்புப் பிரஷ்களை வைத்திருக்கிறார்கள். அதற்கு உப்பை எடுத்த சுத்தத் தண்ணீரைத்தான் விடுகிறார்கள், காய்ந்தால் கறை விழக்கூடாது என்பதற்காக. நம் வீட்டில் அந்த வசதி இல்லை. ஆகவே உப்புத் தண்ணீரைத் தாங்குகிற ஓட்டைதான் நமக்கு வேண்டும்.

தரை துடைக்கிறவரை நினைத்துக் கருவி செய்தவரும் உண்டு. மானுவேல் ஹலோன் என்ற ஸ்பெயின் நாட்டுக்காரர் விமானப் பொறியாளர். 1950களில் அவர் கம்பு வைத்த மாப்பையும் அதைப் பிழிகிற வாளியையும் உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஸ்பெயினில் பெண்கள் முட்டி போட்டுத்தான் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். விமானம் படித்தவர் தரையைக் குனிந்து பார்த்ததால் ஒரு தேசத்துப் பெண்கள் நிமிர்ந்தார்கள். முட்டி போட்டே வருஷக்கணக்கில் வேலை செய்தால் முட்டிச்சில்லுக்கு முன்னால் இருக்கிற நீர்ப்பை வீங்கிக்கொள்ளும். வேலைக்கு வருகிற அக்காவின் முட்டி அப்படித்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கைந்து வீட்டுக் குளியலறைகளைத் தேய்க்கிறவர் அவர். ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், பேருந்து நிலையக் கழிப்பறையில் தேய்க்கிறவர்களுக்கு இன்னும் பெரிய தரை, இன்னும் நீண்ட நேரம். பெரிய மால்களில் தண்ணீர்த் தொட்டியோடு ஓடுகிற தேய்ப்பு இயந்திரம் இருக்கிறது. நடுவில் இருக்கிற இத்தனை இடங்களுக்கும் கையால் பிடிக்கிற, மலிவான, பழுது பார்க்கக்கூடிய ஒரு பிரஷ் வேண்டும்.

செய்கிறவர்களே, உங்கள் மாதிரியைப் போர் தண்ணீர் ஊற்றி ஒரு மாதம் காய விட்டுப் பாருங்கள். தேய்க்கிறவர் கையில் கொடுத்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நாசிலுக்கு மரை போடுங்கள், பிரஷ்தலையைத் தனியாக விற்பனைக்கு வையுங்கள், ஆசிட் பற்றிய எச்சரிக்கையைத் தமிழில் அச்சடியுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாற்றமடைந்தால் மூலையில் சாய்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதியுங்கள். அடுத்து வாங்கப் போகும்போது கடையிலேயே அட்டையைப் பிரிக்கச் சொல்லி நாசிலைத் திருகிப் பாருங்கள். கையால் கழன்று வரவில்லையென்றால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.