பழைய வீட்டில் புதிய சரக்கு

2024இல் ஓர் இரவு, என் லேப்டாப் கேட்ட கேள்விக்கு யோசிக்காமல் ‘ஒய்’ தட்டினேன். நியாயமான கேள்விதான். ‘நீங்கள் கேட்ட ஒரு சாஃப்ட்வேரைச் சேர்க்க, கீழே உள்ளவற்றை நீக்க வேண்டியிருக்கும். சம்மதமா?’ நீண்ட அந்தப் பட்டியலில் டெஸ்க்டாப்பே இருந்ததை நான் படிக்கவில்லை. மறுபடி ஆன் செய்தபோது மிஞ்சியது கறுப்புத் திரையும் கண்சிமிட்டும் கர்சரும்தான். மறுநாள் மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய கட்டுரை உள்ளே மாட்டிக்கொண்டது.

அதில் இருந்தது டெபியன் 12. லினக்ஸ் குடும்பத்தில் நிதானத்துக்குப் பெயர்போன ஆசாமி. 1993இல் இயன் மர்டாக் ஆரம்பித்தது. இன்றும் நடத்துவது தன்னார்வலர்களே. (2023 செப்டம்பரில் அவர்களது ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது.) சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘ஸ்டேபிள்’ என்ற பதிப்பை வெளியிடுகிறார்கள். 12 வெளியானது 2023 ஜூன் 10இல். புதிய சரக்குக்கான கதவை அந்த ஜனவரியிலேயே சாத்த ஆரம்பித்துவிட்டார்கள். அதன்பின் ஓட்டைகளை அடைப்பார்களே தவிர, புதிதாக எதையும் நுழைய விடுவது அபூர்வம். பழசாக இருப்பதுதான் அதன் பலம். நேற்று ஓடியது இன்றும் ஓடும்.

எனக்கு வேண்டியிருந்ததோ வீடியோ வெட்டும் சாஃப்ட்வேர் ஒன்றின் புதிய பதிப்பு. அது ஸ்டேபிளில் இல்லை. அடுத்த பதிப்புக்காகச் சோதனையில் இருக்கும் ‘டெஸ்டிங்’ கிடங்கில் இருந்தது. அந்தக் கிடங்கின் முகவரியை என் மெஷினில் ஒரு வரி சேர்த்தேன். குற்றம் அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் எதுவும் தனியாக நிற்பதில்லை. அநேகமாக எல்லாமே ‘சி லைப்ரரி’ என்ற அஸ்திவாரத்தின் மேல் நிற்கின்றன. டெபியன் 12இல் அதன் எண் 2.36, 13இல் 2.41. புதிய அஸ்திவாரத்துக்காகக் கட்டியதை இங்கே கொண்டுவந்தால் அஸ்திவாரத்தையும் மாற்றச் சொல்லும். கூடாரத்தில் மூக்கை நுழைத்த ஒட்டகம்தான். போதாததற்கு, 2038இல் 32 பிட் கம்ப்யூட்டர்களின் கடிகாரம் நிரம்பி வழியாமல் இருக்க, நூற்றுக்கணக்கான லைப்ரரிகளுக்குப் பெயர் மாற்றிக்கொண்டிருந்த சமயம் அது. பந்தி மாறும் நேரத்தில் போய் இலையில் உட்கார்ந்தேன். இப்படிக் கலந்துகட்டிய மெஷினுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஃபிராங்கன்டெபியன்’.

முறையான வழி ஒன்று அப்போதே இருந்தது: ‘பேக்போர்ட்ஸ்’. புதிய சாஃப்ட்வேரை எடுத்து, பழைய அஸ்திவாரத்தின் மேலேயே மறுபடி கட்டித் தருவது. 2002க்குப் பிறகு அடுத்த ஸ்டேபிள் வர 2005 ஆனது. அந்த மாதிரிக் காத்திருப்புகளில் சலித்த தன்னார்வலர்களின் வேலை இது. 2010இல் டெபியன் இதைத் தன் அதிகாரபூர்வ சேவையாக்கிக்கொண்டது. இந்தக் கிடங்கைச் சேர்த்தாலும் எதுவும் தானாக மாறாது. பெயர் சொல்லிக் கேட்டால்தான் வரும். நான் மிகவும் ரசிப்பது இந்த அடக்கத்தைத்தான். 12இன் கெர்னல் 6.1, புதிய லேப்டாப்பின் வைஃபை சிப்பை அது அடையாளம் காணாவிட்டால், பேக்போர்ட்ஸில் 6.12 கிடைத்தது. மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு காவல் நிற்கிறது. பேக்போர்ட்ஸில் அந்தந்தச் சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தவர் முடிந்தவரை பார்த்துக்கொள்வார், அவ்வளவே. ஆகவே தேவையானதை மட்டும் எடுப்பது நல்லது. அங்கேயும் இல்லாவிட்டால் ‘ஃபிளாட்பேக்’ இருக்கிறது. அது தன் அஸ்திவாரத்தைத் தானே சுமந்து வரும். டிஸ்க்கில் இடம்தான் கொஞ்சம் தாராளமாகக் கேட்கும்.

பென் டிரைவில் இருந்த இன்னொரு லினக்ஸ் மூலம் மெஷினைக் கிளப்பி, கட்டுரையை மட்டும் மீட்டு அனுப்பியபோது மணி பன்னிரண்டே கால். பிறகு எல்லாவற்றையும் அழித்து மறுபடி 12ஐப் போட்டேன். 2025 ஆகஸ்ட் 9இல் டெபியன் 13 வெளியானது. நான் ஆசைப்பட்ட அந்த வீடியோ சாஃப்ட்வேர், இன்னும் புதிய பதிப்பாக, அதில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. இப்போது அதுவும் பழசு.