டோலக்பூரின் உள்ளுறை

பொம்மைப் படத்துக்கு ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்போர் நம் சங்கத்தில் உளர். அவர்களை ஒன்று கேட்கிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் விடுதி மாடியில் கூடும் நம் தமிழ் மாணவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? குறுந்தொகையைப் பற்றியா? குவாண்டம் இயக்கவியலைப் பற்றியா? நோபிதா உயிரோடு இருக்கிறானா என்பதைப் பற்றி. சோட்டா பீம் உண்மையில் யார் என்பதைப் பற்றி. அதையும் எத்துணை ஆராய்ச்சியோடு! இந்தக் காட்சியில் சுவரில் என்ன இருந்தது, அந்தக் காட்சியில் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது என்றெல்லாம் சான்று காட்டுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இந்தக் கூர்மையில் பாதி இருந்தால் நம் பேராசிரியர்கள் மகிழ்ந்து போவார்கள். நாள்தோறும் வாயால் பேசுவதை ஒருநாள் ஏட்டில் எழுதினால் அது குற்றமாகாது.

சோட்டா பீமிடமிருந்து தொடங்குகிறேன். அவன் இந்த ஊர்க்காரன். ராஜீவ் சிலகா 2001 இல் இதே ஐதராபாத்தில் தொடங்கிய கிரீன் கோல்டு நிறுவனத்தில் பிறந்தவன். 2008 இல் போகோ தொலைக்காட்சியில் முதன்முதல் தோன்றினான். அப்போது அவனுக்கு வயது ஒன்பது, எனக்கு ஆறு. எங்கள் வீட்டில் அவன் தமிழ் பேசினான். பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அவன் முன் உட்கார்ந்த பிள்ளைகளுள் நானும் ஒருவன். இன்று எனக்கு இருபத்துமூன்று. அவனுக்கு இன்னும் ஒன்பதுதான்.

இவன் பாரதத்துப் பீமனேதான் என்பது நம் நண்பர்களின் ஊகங்களுள் மூத்தது. பெயர் ஒன்று, பலம் ஒன்று, பசியும் ஒன்று. பகாசுரனுக்கு அனுப்பிய வண்டிச் சோற்றைத் தானே உண்டவன் அவன். லட்டைக் கண்டால் விடாதவன் இவன். கண்ணனோடு சேர்ந்து வரும் படங்களும் உண்டு அல்லவா என்பார்கள். சரி. மற்ற நால்வர் எங்கே? குந்தி எங்கே? வயிற்றெரிச்சல் பிடித்த அந்தப் பெரியப்பா மக்கள் எங்கே? இவ்வளவு பேரும் இல்லாத பாரதம் எந்தப் பாரதம்? பெயரையும் பசியையும் மட்டும் கடன் வாங்கிக்கொண்டு ஒரு கிராமத்துப் பையனைப் படைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. லட்டு தின்றதும் வலிமை பொங்குவது, 1929 இல் தோன்றிய பாப்பாய் என்ற அமெரிக்க மாலுமிக்குக் கீரை தந்த வலிமையின் உறவினன். ஆயினும் இந்த ஊகத்தை நான் மதிக்கிறேன். சான்று கேட்டால் சான்று தருகிறது. எதிர்ச்சான்று காட்டினால் தடுமாறுகிறது. தடுமாறத் தெரிந்த ஊகம் நல்ல ஊகம்.

நான் பொறுக்காதது வேறொரு வகை. 'எல்லாம் கனவு, எல்லோரும் செத்துவிட்டார்கள்' என்னும் வகை. நோபிதா நினைவிழந்து மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறான், டோரேமான் என்பது அவன் காணும் கனவு என்பார்கள். சின்சான் என்றொரு பையன் உண்மையில் இருந்து இறந்தான், பிள்ளையை இழந்த தாய் வரைந்ததே அந்தப் படம் என்பார்கள். இவற்றுக்குச் சான்று உண்டா? துளியும் இல்லை. டோரேமானின் ஆசிரியர் ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ, 1969 இன் இறுதியில் தொடங்கிய கதைக்கு முடிவென்று ஒன்றை எழுதி வைக்காமலே 1996 இல் மறைந்தார். முடிவில்லாத இடத்தில் வதந்தி முளைத்தது. ஜப்பானில் முளைத்தது இங்கும் படர்ந்தது. சின்சானை வரைந்தவர் தாயும் அல்லர். யோஷிட்டோ உசுயி என்ற ஆண்மகன். 2009 இல் மலையில் தவறி விழுந்து இறந்தவர் அவரே. அவர் படைத்த பையன் நன்றாகத்தான் இருக்கிறான்.

அறிவியல் மாணவர்களாகிய நாம் இந்தக் கனவுக் கதையைக் 'கோட்பாடு' என்று அழைக்கலாமா? கார்ல் பாப்பர் 1934 இல் வெளியிட்ட நூலில், எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாத கூற்று அறிவியல் கூற்று ஆகாது என்று நிறுவினார். கனவுக் கதையை எந்தக் காட்சி பொய்யாக்கும்? நோபிதா பறந்தாலும் கனவு, நடந்தாலும் கனவு. தேர்வில் பூச்சியம் வாங்கினாலும் கனவு. நூறு வாங்கினால் அதைவிடப் பெரிய கனவு. எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவியைக் கள்ளச் சாவி என்போம். இதுவும் அத்தகையதே.

பின் ஏன் இது இவ்வளவு பரவுகிறது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இருபது வயதுக்கு மேல் குழந்தைக் கதையை விரும்புகிறோம் என்று ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கம். அதற்குச் சாவு என்னும் மீசையை ஒட்டிவிட்டால் பெரியவர்கள் பேசும் பொருளாகிவிடுகிறது.

இதில் நமக்கு நட்டமில்லை. நம்மினும் சிறியவர்களுக்கு உண்டு. விருதுநகரில் என் அக்காள் மகன் இருக்கிறான், எட்டு வயது. சில வாரங்களுக்கு முன் அலைபேசியில் அழைத்து, "மாமா, நோபிதா கோமாவுல கெடக்கானாம்ல? டோரேமானே கெடையாதாம்ல? நெசமா?" என்று கேட்டான். பள்ளி வண்டியில் பெரிய பையன் ஒருவன் சொன்னானாம். பிள்ளையின் குரல் கம்மியிருந்தது. நாம் மாடியில் பொழுதுபோக்காகச் சொல்லிச் சிரிப்பது, எட்டு வயதுக்கு இழவுச் செய்தியாகப் போய்ச் சேருகிறது.

நான் அவனுக்கு இன்னொரு கதையைச் சொன்னேன். அதுவும் ரசிகர் ஒருவர் கட்டியதுதான், ஆசிரியர் எழுதியதன்று. டோரேமானுக்குக் காது இல்லை என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும், எலி கடித்துவிட்டது. ஜப்பானிய ரசிகர் ஒருவர் அந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் டோரேமானின் மின்கலம் தீர்ந்துபோகிறது. புதிதாக மாற்றினால் பழைய நினைவெல்லாம் அழிந்துவிடும். ஏனென்றால் நினைவைக் காத்து வைக்கும் பகுதி காதில் இருந்தது. காதுதான் இல்லையே! நண்பன் தன்னை மறந்து எழுவதை நோபிதா விரும்பவில்லை. அவனைத் தூங்கவிட்டு, அன்றிலிருந்து படிக்கத் தொடங்குகிறான். வளர்ந்து இயந்திர மனிதர்களை ஆராயும் அறிஞனாகி, தன் கையாலேயே நண்பனை எழுப்புகிறான். இதைப் படக்கதையாக அச்சிட்டு 13,000 படிகளுக்கு மேல் விற்றார் இன்னொரு ரசிகர். உரிமை பெற்ற பதிப்பகம் சும்மா இருக்குமா? 2007 இல் அவர் மன்னிப்புக் கேட்டுப் பணமும் கட்ட நேர்ந்தது. சட்டம் தன் வழியில் சரிதான். ஆனால் கதையின் அழகைப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் ஒரு குறை, காதில்லாமை. அதிலிருந்து ஒரு முழு வாழ்க்கை எழுகிறது. கதையின் விதி ஒன்றும் மீறப்படவில்லை.

அக்காள் மகன் மூச்சுவிடாமல் கேட்டான். பிறகு ஐயத்தோடு, "நோபிதா கணக்குலயுமா பாஸாயிட்டான்?" என்றான். ஆம் என்றேன். அதை மட்டும் அவனால் நம்ப முடியவில்லை.

மறைபொருள் தேடுவது தமிழருக்குப் புதிதன்று. உள்ளுறை என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டு இலக்கணமும் வகுத்தார்கள். தலைவி ஊரின் எருமையைப் பற்றிப் பேசினால் அது எருமையைப் பற்றி மட்டும் அன்று. ஆயினும் அந்தப் பொருள் எதில் நிற்க வேண்டும்? தெய்வம் ஒழிந்த ஏனைய கருப்பொருளில் நிற்க வேண்டும் என்றது தொல்காப்பியம். பாட்டில் எருமை இருக்க வேண்டும். தாமரை இருக்க வேண்டும். இல்லாத எருமைக்கு உள்ளுறை கிடையாது. இந்த வரம்பைக் கடந்தவர்களைத் தமிழ் உலகம் சும்மா விட்டதும் இல்லை. உரையாசிரியர்களுள் பெரும்புலவர் நச்சினார்க்கினியர். அவரே எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு கொண்டுபோய் 'மாட்டி'ப் பொருள் சொன்னார் என்று மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கடிந்துரைத்தார். நச்சினார்க்கினியருக்கே அந்தக் கதி என்றால், நம் விடுதி மாடி உரையாசிரியர்களுக்கு என்ன சொல்ல?

இந்த அளவுகோலோடு டோலக்பூருக்குத் திரும்புவோம். 2020 இல் நடந்ததை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பீம் இளவரசி இந்துமதியை மணந்துகொண்டான், கூடவே ஓடியாடிய சுட்கியைக் கைவிட்டான் என்று ஒரு புரளி எழுந்தது. சுட்கிக்கு நீதி வேண்டும் என்று நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் முழங்கினர். பாதி விளையாட்டு, பாதி உண்மைக் கோபம். கடைசியில் கிரீன் கோல்டு நிறுவனமே, இவர்கள் எல்லோரும் இன்னும் குழந்தைகள், திருமணம் என்ற பேச்சே பொய் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஒன்பது வயதுப் பையனுக்குப் பெண் யார் என்று வளர்ந்தவர்கள் பிரிந்து நின்று சண்டையிட்டதை என்னவென்பது! வயது ஏறியது நமக்கு. மணப்பேச்சு எழுவது நம் வீடுகளில். அதைச் சுமக்க அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடித்தோம்.

அந்தக் கூச்சலில் ஒருவரும் பாராத செய்திகள் அந்தத் தொடரில் வெளிப்படையாகவே கிடக்கின்றன. தமிழில் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயர்கள் வெறும் ஓசை. காலியா என்றால் பேருந்தில் இருக்கை காலியா என்பது போலிருக்கும். வகுப்பில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஐதராபாத்துக்கு வந்து தெருவில் இந்தியும் தக்கணியும் காதில் விழத் தொடங்கிய பின்புதான் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. சோட்டா என்றால் சிறிய. சுட்கி என்றால் சிட்டிகை. நாம் குழம்பில் இடும் ஒரு சிட்டிகை உப்பு என்பதன் அதே சிட்டிகை. சுட்கியின் தாய், லட்டு விற்கும் பருத்த அம்மாள், டுன்டுன் மௌசி. டுன்டுன் என்பது இந்தித் திரையுலகில் உமாதேவி என்ற நடிகைக்கு வழங்கிய பெயர். பாடகியாக வந்து, பருத்த உடலை வைத்தே நாட்டைச் சிரிக்க வைத்து, 2003 இல் மறைந்தவர். இந்திப் படம் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டிக்கு அந்தப் பெயர் கேட்டதுமே சிரிப்பு வரும். நமக்கு வரவில்லை.

காலியா என்றால் கறுப்பன்.

ஊர்ப் பிள்ளைகளை அடித்து மிரட்டும் முரடனுக்கு அந்தப் பெயர். கண்ணன் அடக்கிய பாம்பின் பெயர் அது என்று வாதாடலாம். தெருவில் பேசும் இந்தியில் அது முதலில் நிறத்தையே சுட்டும். இங்கு வந்த முதல் ஆண்டில் கடைத்தெருவில் அந்தச் சொல்லை என்னை நோக்கியே ஒருவர் வீசக் கேட்டேன். அப்போதுதான் அதன் பொருளை முழுதாக அறிந்தேன். பெயரிட்டவர்களுக்குத் தீய எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. பழகிய பெயரைப் பழகிய கையால் வைத்திருக்கலாம். ஆயினும் இத்தனை ஆண்டுகள் ஊன்றிப் பார்த்த நம் ஆராய்ச்சியாளர்கள் சுவரில் படத்தைத் தேடினார்கள். நிழலின் திசையை அளந்தார்கள். நாள்தோறும் உரக்கக் கூவி அழைக்கப்படும் ஒரு பெயரைக் கேட்கவில்லை.

இன்னும் எளிய மர்மம் ஒன்று. பீம் ஏன் எந்நாளும் அதே வேட்டியில் வருகிறான்? காலம் உறைந்துவிட்டதா, அவன் ஆவியா என்று இதற்கும் ஊகம் செய்தவர் நம் மாடியில் உண்டு. விடை உழைப்பில் இருக்கிறது. பதினொரு நிமிடக் கதை ஒன்றை விநாடிக்கு 24 கட்டங்கள் என்று கணக்கிட்டால் 15,840 கட்டங்கள் ஆகும். ஒரு படத்தை இரண்டு கட்டங்களுக்கு நிறுத்திவைத்தாலும் ஏறத்தாழ எட்டாயிரம். ஒவ்வொன்றுக்கும் புது உடுப்பு வரைய யாரால் முடியும்? ஆகவே உருவத்தை ஒருமுறை வகுத்துக்கொண்டு, கை, கால், வாய், கண் என்று பிரித்து அசைக்கிறார்கள். பின்னணியை மீண்டும் மீண்டும் எடுத்தாளுகிறார்கள். இந்த மண்ணின் தோல்பாவைக் கூத்துக்காரர் மூட்டு மூட்டாகக் கோத்து ஆட்டிய அதே முறைதான். கோல் இருந்த இடத்தில் கணிப்பொறி. கிரீன் கோல்டே 2019 இல் நெட்ஃபிளிக்ஸுக்காகத் தவழும் பருவத்துப் பீமை வைத்து உரையாடலே இல்லாத தொடர் ஒன்றைத் தந்தது. பேச்சில்லாத கதையில் புருவம் ஏறுவதும் கன்னம் குழிவதுமே வசனம். அவற்றை ஒவ்வொன்றாக அமைத்த கைகளின் சொந்தக்காரர்கள் இந்த நகரத்தில் நாம் ஏறும் பேருந்திலேயே ஏறுகிறவர்களாக இருக்கலாம். அவர்கள் பெயர்கள் படத்தின் கடைசியில் ஓடுகின்றன. நாமோ அதற்குள் அடுத்த கதைக்குத் தாவிவிடுகிறோம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விழாவுக்குப் பேச்சாளரைத் தேடிச் சென்னைக்கும் மதுரைக்கும் கடிதம் எழுதுகிறோம். இவ்வாண்டு இந்த ஊரிலேயே சித்திரத் தொடர் வரையும் கலைஞர் ஒருவரை அழைப்போம். தமிழ் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. மொழிபெயர்க்க நான் இருக்கிறேன். நோபிதா பற்றி அவரிடம் ஒருவரும் கேட்கக் கூடாது. அந்த முரட்டுப் பையனுக்குப் பெயர் வைத்த நாளில் அறையில் யார் யார் இருந்தார்கள், வேறு என்னென்ன பெயர்கள் பேசப்பட்டன என்பதை மட்டும் நான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.