தொட்டிலுக்கு வந்த கைபேசி

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை காட்டலாகாது. தூரத்திலுள்ள பாட்டன் பாட்டியோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மாத்திரம் விலக்கு உண்டு. ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது. இந்தியக் குழந்தை வைத்தியர் சங்கத்தார் 2022-ல் பிரசுரித்த விதி இது. உலக சுகாதார ஸ்தாபனமும் 2019-ல் ஏறக்குறைய இதையே சொல்லிற்று. ஆயினும், கைபேசி இல்லாவிடில் ஒரு கவளமும் உண்ண மறுக்கும் குழந்தைகள் எத்தனை வீடுகளில் உண்டு என்பதை நமது வாசகர்கள் அறிவார்கள்.

ஜப்பானில் 7,097 தாய்களையும் சேய்களையும் ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளிடம் இரண்டாம் வயதிலும் நான்காம் வயதிலும் பேச்சுத் திறமை பின்தங்கியிருத்தல் மிகுதியாகக் காணப்பட்டது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமென்று தீர்ப்புக் கூற நாம் துணியமாட்டோம். அடங்காத குழந்தையை அடக்குவதற்கே கைபேசி அதிகமாகக் கொடுக்கப்பட்டுமிருக்கலாம். ஆட்டிசமே கைபேசியால் வருகிறதென்று சொல்லி, ஏற்கெனவே நொந்திருக்கும் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவோர் சாட்சியத்தை மீறிப் பேசுகிறார்கள்.

ஆனால் கேடு நுழையக்கூடிய வழி ஒன்று தெளிவாகவே தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில் நடந்து 2024-ல் வெளியான ஆராய்ச்சியில், மூன்று வயதுக் குழந்தை கூடுதலாகத் திரை பார்த்த ஒவ்வொரு நிமிஷத்துக்கும், பெரியவர்களிடம் அது கேட்ட சொற்கள் ஆறுக்கு மேல் குறைந்திருந்தன. அதன் குரலும் ஏறக்குறைய ஐந்து முறை குறைந்தது. குழந்தை பேசக் கற்பது காதால் கேட்பதனால் மட்டுமன்று. தான் 'ங்கா' என்றால் எதிரிலிருந்து ஒரு முகம் மறுமொழி தருவதனால். திரை நாளெல்லாம் பேசும். அந்த மறுமொழியை மட்டும் தராது.

கைபேசியைக் கொடுக்கும் தாய் சோம்பேறியல்லள். பகலெல்லாம் உழைத்து மாலையில் அடுப்பு மூட்டுகிறவளுக்கு, பாட்டியை ஊரில் விட்டுவந்த ஒற்றை அறையில், குழந்தையை ஏந்த வேறு கை இல்லை. 2017-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கிற்று. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அந்த எண்ணையே வைத்துக்கொண்டது. வயலிலும், பிறர் வீட்டுப் பாத்திரத்தடியிலும், பத்துப் பேர் பட்டறையிலும் உழைப்பவளை அந்த ஐம்பது என்ற எண் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. சட்டம் இயற்றியோர் இதை அறியாதவர்களா?

அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்ப்பதற்குப் பால்னா என்ற திட்டத்தில் மத்திய சர்க்கார் வகை செய்திருக்கிறது. பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிய, 2013 முதல் குழந்தை நலத் திட்டமொன்றின் வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இருமுறை வரவேண்டுமென்றும் ஏற்பாடு உண்டு. நமது ஊழியர்கள் வருகிற கிராம சபையில் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: இவ்வூர் அங்கன்வாடி மாலை வரை திறந்திருப்பது எப்போது? அந்த வைத்தியக் குழு கடைசியாக இங்கு வந்த தேதி எது? விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்தல் வேண்டும்.