பெயின்ற்றைப் பார்த்து காசு எண்ணாதீர்கள்

"மச்சான், இது வெறும் கார் இல்லை, முதலீடு." பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கிற ஆக்கள் வழக்கமாகச் சொல்லுற வசனம் இது. இதை நம்பித்தான் எங்கட பொடியள் லீசிங் எடுக்கிறாங்கள், வெளிநாட்டில இருக்கிற அண்ணன்மாரிட்ட காசு கேட்கிறாங்கள்.

பழைய காரின் பெறுமதி விற்கிறவர் சொல்லுற விலையிலும் இல்லை, புதுசா அடிச்ச பெயின்ற்றிலும் இல்லை. நிலத்தில் குந்தி, தலையைச் சரிச்சுப் பார்க்க வேண்டிய இடத்தில் இருக்கு.

1989இல் வந்த முதலாம் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுங்கோ. யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்ற அதே கார்தான். எழும்பி நிற்கும் லைற்றுகள், மடக்கக்கூடிய துணிக்கூரை, ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்தக் கூரையில் விழுகிற மழைத்தண்ணி, கதவுக்குப் பின்னால் இருக்கிற சின்னக் குழாய்கள் வழியாக வெளியேற வேணும். குப்பை அடைச்சால் தண்ணி உள்ளேயே தேங்கும். பின்சில்லுக்குச் சற்று முன்னால், கதவுக்குக் கீழுள்ள தகடு உள்ளிருந்தே கறள் பிடிக்கும். வெளியே பெயின்ற் பளபளக்கும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டு போங்கோ. அது ஒட்டாத இடத்தில் இருக்கிறது தகடு இல்லை, புட்டி.

எஞ்சின் நல்லாத்தானே ஓடுது என்பார்கள். எஞ்சினை மாற்றலாம். உக்கின உடம்பை அவ்வளவு லேசாக மாற்ற முடியாது. விபத்து நேரம் உங்களைக் காப்பாற்ற வேண்டியதும் அந்த உடம்புதான். ஆனபடியால் முதலில் உடம்பு, பிறகுதான் எஞ்சின். எஞ்சினையும் சும்மா விடாதீர்கள். நீங்கள் போகும்போதே பொனற் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வாறன் என்று சொல்லுங்கோ. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் நீலப்புகையும் சத்தங்களும் தெரியவரும். 1991 வரை வந்த ஆரம்ப எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்கின் முன்முனை தேய்கிற குறை உண்டு. அதை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கோ. செஸி நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தவும் வேணும்.

"விலை ஏறிக்கொண்டுதானே இருக்கு?" என்று கேட்பீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். பழைய டப்பாவுக்கும் விலை ஏறிச்சு. அது காரின் பெறுமதி இல்லை, தட்டுப்பாட்டின் விலை. 2025இல் இறக்குமதி திரும்பத் திறந்தது. ஒரு வர்த்தமானியில் ஏறுகிற விலை இன்னொரு வர்த்தமானியில் இறங்கலாம். கறள் மட்டும் எந்த வர்த்தமானிக்கும் நிற்காது.

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசைப்பட்டு வாங்குங்கோ, ஓடுங்கோ. ஆனால் ஆசையை முதலீடு என்று பெயர் மாற்றி வீட்டில காசு வாங்காதீர்கள். திருத்துகிற செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கோ. அந்தத் தொகை உங்களுக்குக் கட்டாது என்றால், முற்பணம் குடுக்க முதலே எழும்பி வந்திடுங்கோ. விற்கிறவர் கோவிச்சால் கோவிக்கட்டும். மாசாமாசம் லீசிங் கட்டப்போறது அவர் இல்லை.